புதுப் பேட்டரியும் பழைய பெலவேந்திரரும்

அலவாக்கரைக்காரர்களை முட்டாள்கள் என்று பக்கத்து ஊரான மூக்கன்துறைக்காரர்கள் சொல்வார்கள். அலவாக்கரைக்காரர்கள் இதை மறுத்ததும் இல்லை, ஒத்துக்கொண்டதும் இல்லை. ஊர்க்கூட்டம் போட்டுப் பேசி முடிவு செய்துவிட்டுப் பதில் சொல்கிறோம் என்றார்கள். கூட்டம் பதினொரு வருஷமாக நடக்கிறது.

அந்த ஊரில் கொஞ்சம் விவரமானவன் என்று பேர் வாங்கியவன் தண்டல் கஸ்பார். தண்டல் என்றால் பாய்மரப் படகில் சுக்கான் பிடிப்பவன், படகுக்குப் பொறுப்பானவன். ஐம்பத்துநாலு வயது. மற்றவர்கள் எதையும் யோசிக்காமல் செய்வார்கள். கஸ்பார் அப்படியில்லை. மணலில் உட்கார்ந்து யோசிப்பான். நாம் நினைப்பது சரிதானா, ஒருவேளை நாமே முட்டாளோ என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்வான். நெடுநேரம் கேட்டுவிட்டு எழுந்து போய், மற்றவர்கள் யோசிக்காமல் செய்யும் அதே காரியத்தை யோசித்துச் செய்வான். ஆகவே அவன் செய்த தப்பைத் திருத்துவது மட்டும் கஷ்டம்.

அலவாக்கரைக்கு ஒரு பெருமை உண்டு. திருவிழாவன்று சாயங்காலம் புனித பெலவேந்திரரின் மரச்சிலையான சுரூபத்தை வடக்குத் துறையில் படகில் ஏற்றி, மூக்கன்துறை வழியாக விரிகுடாவைச் சுற்றிக்கொண்டு வந்து, கோவில் வாசலில் இறக்குவார்கள். இன்ஜின் கூடாது, பாய் மட்டும்தான். பாய்மரம் முழுக்கச் சீரியல் விளக்கு எரிய வேண்டும். சுக்கான் பிடிப்பது கஸ்பார் வீட்டு உரிமை. படகு மாறினாலும் சுக்கான் பிடி மட்டும் மாறியதில்லை. நாலு தலைமுறை உள்ளங்கை பட்டு அது பலாக்கொட்டை மாதிரி வழுவழுவென்று இருக்கும்.

மூன்று வருஷமாக விளக்கு பாதி வழியில் அணைந்துவிடுகிறது. அதுவும் சரியாக மூக்கன்துறைக்கு எதிரே. பேட்டரிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று விற்றவர் சொல்லியிருந்தார். அதில் அவர்கள் குறை வைத்ததில்லை. சுற்றிலும் கடல் இருக்கும்போது தண்ணீருக்கு என்ன பஞ்சம்.

மூன்றாவது வருஷமும் இருட்டில் வந்து இறங்கிய பெலவேந்திரரைத் தடவிப் பார்த்து உறுதி செய்துகொண்ட ஃபாதர் நசரேன், கஸ்பாரைக் கூப்பிட்டார்.

"அடுத்த வருஷமும் உன் படகுல விளக்கு அணைஞ்சா, உரிமை மூக்கன்துறைக்கு. அணையாம வந்து சேர்ந்தா உங்களுக்கே. வேற பேச்சே கிடையாது."

அன்றிலிருந்து கஸ்பாருக்குச் சோறு இறங்கவில்லை. கொள்ளுத்தாத்தா பிடித்தார், தாத்தா பிடித்தார், அப்பா பிடித்தார். விட்டவன் என்று என் பேரைத்தான் சொல்வார்கள் என்று மணலில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருந்தான்.

அதனால்தான் இந்த வருஷம், சனிக்கிழமைத் திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னால், டவுனிலிருந்து எலக்ட்ரீஷியன் வேலாயுதத்தை அழைத்து வந்தான். வேலாயுதம் பழைய ஈய பேட்டரியைக் கழற்றி மணலில் வைத்தார். லித்தியம் பேட்டரி ஒன்றை மாட்டினார். சீரியல் விளக்கை எரியவிட்டுக் காட்டினார். பட்டப்பகலிலும் பளிச்சென்று இருந்தது. படகின் ஆட்கள் மூன்று பேரும் சுற்றி நின்றார்கள். நங்கூரம் போடுகிற தொம்மைக்கு எழுபத்திரண்டு வயது. பாய் கட்டுகிற சூசையும் லாசரும் அண்ணன் தம்பி. லாசருக்குக் கல்யாணமாகி எட்டு நாள்தான் ஆகியிருந்தது.

"நல்லாக் கேட்டுக்கோங்க," என்றார் வேலாயுதம். "பழசையும் புதுசையும் சேத்து வைக்காதீங்க. பழசு புதுசைக் கெடுத்துரும். அப்புறம், ப்ளஸ்ஸும் மைனஸும் ஒண்ணோட ஒண்ணு பட்டுறக் கூடாது. மத்தபடி பயப்பட ஒண்ணுமில்ல. இதுக்குள்ளயே ஒரு மூளை இருக்கு. ஏதாவது சரியில்லேன்னா அதுவே கண்டுபிடிச்சு நிறுத்திரும்."

"நம்ம படகுல மூளை இருக்கா?" என்றான் சூசை.

"இப்ப இருக்கு," என்று சொல்லிவிட்டு வேலாயுதம் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

ப்ளஸ், மைனஸ் விஷயம் உடனே தீர்ந்தது. மூத்தவன் என்பதால் சூசை ப்ளஸ் வயரைப் பார்த்துக்கொள்வது, லாசர் மைனஸ் வயரைப் பார்த்துக்கொள்வது. இனி திருவிழா முடியும்வரை அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் தொடக் கூடாது. அதன்பின் சூசை தம்பியிடம் டீ கிளாஸை நீட்டவில்லை. மணலில் வைத்துவிட்டு நாலு அடி பின்னால் நகர்ந்துகொண்டான். லாசரும் கிளாஸை எடுப்பதற்குமுன் அண்ணனின் நிழல் அதன்மேல் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டான்.

தொம்மை பழைய பேட்டரியை அவசரத்துக்கு இருக்கட்டும் என்று மறுபடி படகில் ஏற்றப் போனார். கஸ்பார் தடுத்தான்.

"பழசு கூடாதுன்னாருல்லா, மாமா."

"சரி." அவர் கீழே வைத்துவிட்டு நங்கூரக் கயிற்றைச் சுருட்டப் போனார்.

கஸ்பாரின் கண் கயிற்றில் நின்றது. உட்கார்ந்தான். யோசித்தான். வேலாயுதம் என்ன சொன்னார்? பழைய பேட்டரி என்றா சொன்னார்? இல்லை. பழசு என்றார். அவர் படித்த மனுஷர். பேட்டரியை மட்டும் நினைத்திருந்தால் பேட்டரி என்றே சொல்லியிருப்பாரே. நான் சும்மா சந்தேகப்படுகிறேனா? நான் முட்டாளா? ஆனால் மூன்று வருஷம் சந்தேகப்படாமல் இருந்துதானே இருட்டில் வந்தோம்.

"அந்தக் கயிறு எத்தனை வருஷம், மாமா?"

"உனக்குக் கல்யாணமான வருஷம் வாங்கினது."

"இறக்கிருங்க."

கயிறு இறங்கியது. நங்கூரம் இறங்கியது. துடுப்பு, வாளி, தொம்மையின் வெற்றிலைப் பெட்டி எல்லாம் இறங்கின. பாயை அவிழ்த்தார்கள். எல்லாம் இறங்கி முடிந்ததும் சூசை தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, படகு?"

படகுக்கு நாற்பது வயது. படகைப் படகிலிருந்து எப்படி இறக்குவது என்று அரைமணி நேரம் பேசினார்கள். பேட்டரியை மட்டும் கடலில் விட்டுப் படகைக் கரையில் வைத்துக்கொள்ளலாம் என்றான் லாசர். அப்படியானால் பாயை எதில் கட்டுவாய் என்று சூசை கேட்டான், நாலு அடி தள்ளி நின்று.

"பெயிண்ட் அடிச்சா?" என்றான் கஸ்பார். "ஃபாதர் கோவிலுக்குப் பெயிண்ட் அடிச்சப்ப என்ன சொன்னாரு? கோவில் புதுசாயிருச்சுன்னாருல்லா."

வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் படகு அடிமுதல் நுனிவரை நீலமாயிற்று. அடித்தவன் சூசை. பாய்க்குத் துணி தேட வேண்டியிருக்கவில்லை. லாசரின் கல்யாண ஃப்ளெக்ஸ் தெருமுனையில் கட்டியிருந்தது. பதினாறு அடி அகலம், ஒன்பது நாள்தான் வயது. அதில் லாசர் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்ப்பான். பக்கத்தில் அவன் மனைவி பிரிசில்லா அவனைப் பார்ப்பாள். மணமக்கள் நீடூழி வாழ்க என்று கீழே எழுதியிருக்கும். அவிழ்த்துக் கொண்டுவந்து பாய்மரத்தில் கட்டினார்கள்.

பிறகு ஆட்கள் விஷயம் வந்தது.

"நான் ஏறலாம்," என்றார் தொம்மை. "போன மாசம்தான் கண் ஆபரேஷன். உள்ள லென்ஸ் புதுசு."

"லென்ஸ் ஏறலாம், மாமா. சுத்தி இருக்கிறதுதான் இடிக்குது," என்றான் சூசை.

"நீ மட்டும் நேத்தா பொறந்தே?"

சூசைக்கு நாற்பத்தைந்து. ஆனால் அவன் முழங்கைவரை, மூக்குவரை நீலமாக இருந்தான். படகுக்குச் செல்லுமென்றால் அவனுக்கும் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. லாசர் புது மாப்பிள்ளை, அவனைப் பற்றிக் கேள்வியே எழவில்லை. கஸ்பார் வீட்டுக்குப் போய்த் தலைக்கும் மீசைக்கும் டை அடித்துக்கொண்டு புது வேட்டியுடன் வந்தான். தொம்மை அவனைப் பார்த்து, "யாரு வேணும் தம்பி?" என்று கேட்டார். அது எல்லோருக்கும் திருப்தியாக இருந்தது.

சனிக்கிழமை காலை வெள்ளோட்டம் விட்டபோது படகு ஒருபக்கமாகச் சாய்ந்து வட்டமடித்தது. பழைய பேட்டரி அறுபது கிலோ, புதியது பதினைந்து. நாற்பத்தைந்து கிலோ குறைகிறது என்று கஸ்பார் விரல் விட்டுக் கணக்கிட்டான். கல் வைக்கலாம் என்றால் ஊரில் புதுக் கல் இல்லை. எல்லாக் கல்லும் ஆதியிலிருந்து கிடப்பவை.

"என் பொண்டாட்டி நாற்பத்தஞ்சு கிலோ," என்றான் லாசர். "பத்து நாளாத்தான் இருக்கா."

நேரே லாசர் வீட்டுக்குப் போனார்கள். பிரிசில்லா மூக்கன்துறைப் பெண். முற்றத்தில் அமர்ந்து ஒரு புது மீன்சட்டியில் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அதுல என்ன குழம்பு?" என்றான் சூசை.

"குழம்பு இல்ல மச்சான், கழுநீர். மூணு நாள் ஊறினாத்தான் சட்டி பழகும், இன்னிக்கு மூணாம் நாள்." அவள் நிமிர்ந்து கஸ்பாரின் மீசையைப் பார்த்தாள், சூசையின் மூக்கைப் பார்த்தாள். "இது என்ன கோலம்?"

கஸ்பார் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"சரி மாமா, படகு புதுசு, பாய் புதுசு, நீங்களும் புதுசு. பெலவேந்திரரு மட்டும் நேத்தா பொறந்தாரு? எரநூறு வருஷத்து மரம் அவரு. பேசாம அவரை மினி பஸ்ஸுல ஏத்தி விட்டுருங்க."

மூன்று ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இது தங்களுக்குத் தோன்றாமல் போனதே என்ற வெட்கம் அவர்கள் முகத்தில் இருந்தது.

"மூக்கன்துறையில நல்ல படிப்பு," என்றான் சூசை.

"மாமா, நான் சும்மா கேலிக்கு..."

"நீ நல்லாயிரும்மா," என்றான் கஸ்பார். "நீ மட்டும் சொல்லலேன்னா இன்னிக்கு நடுக்கடல்ல விளக்கு போயிருக்கும்."

பிரிசில்லா அதற்குமேல் வாதாடவில்லை. நமக்கென்ன, அடுத்த வருஷம் நம்ம அம்மா வீட்டுப் பக்கம்தானே உரிமை போகப்போகிறது என்று நினைத்துப் படகில் ஏறி உட்காரச் சம்மதித்தாள்.

பெலவேந்திரருக்குப் பெயிண்ட் அடிக்கலாமே என்று வழியில் லாசர் ஒரு யோசனை சொன்னான். கஸ்பார் அவனை ஒரு பார்வை பார்த்தான். தன் படகில் மூளை இருப்பதால் தனக்குப் பொறுப்பு கூடிவிட்டது என்று அவன் உணர்ந்திருந்தான். "சாமி மேல கை வைக்கக் கூடாது," என்றான். "பஸ்ஸுலயே போகட்டும்."

சாயங்காலம் வடக்குத் துறை. வழக்கப்படி ஃபாதரும் மேளக்காரர்களும் ஊர்ச்சனமும் கோவில் வாசலில் காத்திருந்ததால் அங்கே கேட்பதற்கு ஆள் இல்லை. சுரூபத்தைத் தூக்கிக் கொண்டுபோய்க் கடற்கரை ரோட்டில் நிறுத்தினார்கள். கூடத் தொம்மை நின்றார். பழைய நங்கூரம், பழைய கயிறு, பழைய பாய், பழைய பேட்டரி, வெற்றிலைப் பெட்டி எல்லாம் நின்றன. மினி பஸ் வந்தது. அதைப் பற்றி யாருக்கும் சந்தேகம் எழவில்லை, அது எல்லோரையும்விடப் பழசு.

"இவரு யாரு?" என்றார் கண்டக்டர்.

"பெலவேந்திரரு. கோவில் வாசல்ல இறங்குவாரு."

"நின்னுக்கிட்டே வருவாரா?"

"எரநூறு வருஷமா நின்னுக்கிட்டுத்தான் இருக்காரு."

கண்டக்டர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு டிரைவருக்குப் பின்னால் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

பஸ் போன திசையைக் கஸ்பார் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். சாமியை விட்டுவிட்டுச் சாமி படகு போவது முறைதானா? நாலு தலைமுறையில் இப்படி யாராவது செய்திருக்கிறார்களா? ஃபாதர் சொன்னதை ஒவ்வொரு சொல்லாக நினைத்துப் பார்த்தான். விளக்கு அணையக் கூடாது என்றார். பெலவேந்திரரைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பெரியவர்கள் சொல்லாததைச் செய்வதற்கு நாம் யார். அவன் மனம் தெளிந்து சுக்கானைப் பிடித்தான்.

விளக்கைப் போட்டதும் படகு தேர் மாதிரி ஜொலித்தது. பிரிசில்லா பழைய பேட்டரி இருந்த மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெயிண்ட் இன்னும் காயவில்லை. அவள் சேலை நீலமாகிக்கொண்டிருந்தது. சூசை ஒரு ஓரம், லாசர் மறு ஓரம்.

மூக்கன்துறைக் கரையில் கூட்டம் நெருக்கியடித்து நின்றது. இந்த வருஷமும் அணையும் என்று பார்க்க வந்த கூட்டம். படகு நெருங்கியது, அணையவில்லை. கரையில் இருந்தவர்கள் செருப்பைக் கழற்றினார்கள், முழங்காலிட்டார்கள். தலை நிமிர்ந்து பார்த்தபோது நூற்றியொரு விளக்குக்கு நடுவில் லாசர் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு அவர்களுக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெலவேந்திரரு கண்ணாடி போட்டிருக்காரு," என்றது ஒரு குரல்.

"பக்கத்துல நம்ம பிரிசில்லாவுல்லா நிக்கா," என்றது இன்னொன்று.

அந்தச் சமயத்தில் விளக்கு ஒருமுறை மினுங்கியது.

கஸ்பார் சுக்கானை இறுகப் பிடித்தான். மறுபடி மினுங்கியது. சரியாக மூக்கன்துறைக்கு எதிரே.

"மூளை எதையோ கண்டுபிடிச்சிருச்சு," என்றான் சூசை. "படகுல இன்னும் என்னமோ பழசு இருக்கு."

"வயரைப் பாருங்க, ஆடுது," என்றாள் பிரிசில்லா.

யாரும் வயரைப் பார்க்கவில்லை. பழசைத் தேடினார்கள். சூசை தன் பையைத் துழாவினான். லாசர் தன் பல்லைத் தொட்டுப் பார்த்தான், ஒன்று பால்பல்லோ என்று. கஸ்பார் பலகை பலகையாகப் பார்த்தான். எல்லாம் நீலம். மேலே பார்த்தான், கீழே பார்த்தான், கடைசியில் தன் கையைப் பார்த்தான்.

சுக்கான் பிடி நீலமாக இல்லை. பெயிண்ட் அடித்த நேரமெல்லாம் அவன் கை அதன்மேல்தான் இருந்தது. அந்த இடத்தைச் சூசை மரியாதைக்காக விட்டுவிட்டான்.

"அண்ணே," என்றான் சூசை மெதுவாக.

"தெரியுதுல."

கொள்ளுத்தாத்தா பிடித்தது, தாத்தா பிடித்தது, அப்பா பிடித்தது. இதை விட்டுவிடக் கூடாது என்றுதான் ஒரு வருஷம் அவன் சோறு தின்னாமல் கிடந்தான். இதைக் கையில் வைத்திருந்தால் விளக்கு போகும், விளக்கு போனால் இது கையை விட்டுப் போகும். ஆகவே இதைக் காப்பாற்ற ஒரே வழிதான் இருக்கிறது. அவன் நன்றாக யோசித்தான். எந்தப் பக்கம் யோசித்தாலும் அது சரியாகவே வந்தது.

முளையை உருவி, பிடியைக் கழற்றி, நெற்றியில் ஒற்றிக்கொண்டு, கடலில் போட்டான். போட்ட வேகத்தில் தடுமாறி பேட்டரி மேல் விழுந்தான். அவன் முழங்கால் பட்டதும், தளர்ந்திருந்த வயர் உள்ளே போய் இறுகியது.

விளக்கு நின்று எரிந்தது.

"பாத்தியால," என்றான் கஸ்பார். அவன் கண் கலங்கியிருந்தது.

"எல்லாம் சரி. இனி எப்படித் திருப்புவீங்க?" என்றாள் பிரிசில்லா.

யாரும் திருப்பவில்லை. சாயங்காலக் கடல்காற்று எப்போதும் கரையைப் பார்த்தே வீசும். ஃப்ளெக்ஸில் லாசரின் கன்னம் உப்பியது, படகு தானாகவே கோவில் வாசலுக்கு வந்து மணலில் ஏறி நின்றது. அலவாக்கரைப் படகு அவ்வளவு நேராக அதற்குமுன் வந்ததில்லை என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள்.

மேளம் முழங்கிப் பாதியில் நின்றது. ஃபாதர் நசரேன் படகைச் சுற்றி வந்தார். விளக்கைப் பார்த்தார். நீல மூக்கையும் கறுத்த மீசையையும் பார்த்தார். நீலச் சேலையில் இறங்கிய பிரிசில்லாவைப் பார்த்தார்.

"பெலவேந்திரர் எங்க?"

"பஸ்ஸுல வாராரு, ஃபாதர்."

சொல்லி முடிப்பதற்குள் மினி பஸ் வந்து நின்றது. தொம்மையும் கண்டக்டரும் சுரூபத்தைத் தாங்கி இறக்கினார்கள். கழுத்தில் நாலு மாலை. மூக்கன்துறை ஸ்டாப்பில் டீக்கு நிறுத்தியபோது கடைக்காரர்கள் போட்டது.

"இருட்டா இருக்குமேன்னு பழைய பேட்டரியில ஒரு பல்பு மாட்டி விட்டிருந்தேன்," என்றார் தொம்மை. "மூக்கன்துறைகிட்ட வரும்போது அணைஞ்சுபோச்சு."

ஃபாதர் கோவில் படியில் உட்கார்ந்துவிட்டார். கஸ்பார் கைகட்டி முன்னால் நின்றான். ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டான்.

"படகுல விளக்கு அணையல, ஃபாதர்."

"அணையல."

"அப்ப உரிமை?"

ஃபாதர் வானத்தைப் பார்த்தார். தான் சொன்ன வார்த்தை தனக்கே நன்றாக ஞாபகம் இருந்தது. "உனக்குத்தான்," என்றார். "சுக்கானைப் பிடிச்சுக்கோ."

"அதைக் கடல்ல போட்டுட்டேன், ஃபாதர்."

ஃபாதர் ஒன்று மட்டும் கேட்டார். "சரி கஸ்பார். அடுத்த வருஷமும் அந்தப் புதுப் பேட்டரியோட என் பெலவேந்திரரை எப்படி ஏத்துவே?"

கஸ்பார் வீட்டுக்குப் போனான். இரவெல்லாம் யோசித்தான். காலையில் எழுந்து நேராக லாசர் வீட்டு முற்றத்துக்கு வந்தான். பிரிசில்லா மீன்சட்டியைக் கவிழ்த்துக் காய வைத்துக்கொண்டிருந்தாள்.

"பழகிருச்சாம்மா?"

"பழகிருச்சு மாமா. இனி எதைப் போட்டாலும் சேரும்."

கஸ்பார் தலையசைத்தான். மத்தியானத்துக்குள் ஊரில் எல்லா வீட்டிலும் அரிசி கழுவிய தண்ணீரைக் கொட்ட வேண்டாம் என்று தகவல் போயிற்று. கோவிலில் அசன விருந்து சமைக்கும் அண்டாவை வடக்குத் துறைக்குத் தூக்கி வந்து, கழுநீரை நிரப்பி, லித்தியம் பேட்டரியை மெல்ல உள்ளே இறக்கினார்கள். கழுநீரை மாற்றுவது லாசர் பொறுப்பு, மூடியைத் திறப்பது சூசை பொறுப்பு. இருவரும் ஒருவரை ஒருவர் தொடாமல் மாறிமாறிச் செய்தார்கள். திருவிழா முடிந்துவிட்டது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அண்டாவுக்குள்ளிருந்து குமிழி கிளம்பியது. நால்வரும் குனிந்து பார்த்தார்கள்.

"என்னண்ணே செய்யுது?" என்றான் சூசை.

கஸ்பார் நன்றாக யோசித்தான்.

"பழகுது," என்றான்.